ஆன்லைன் கிட்டார் வகுப்பு, கிட்டாரும் சேர்த்துத் தருகிறோம் என்று போன் வந்தால்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் மகளுக்குப் பதினைந்து வயது. கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருக்கும் பக்கம் கிட்டார் ஆசிரியர் யாரும் இல்லை, திருச்சி டவுனுக்குள் போய்வர வேண்டும். அதனால் இலவச டெமோ என்று வந்த ஒரு ஆன்லைன் விளம்பரத்தில் பெயர் கொடுத்தோம்.

டெமோ முடிந்த கொஞ்ச நேரத்தில் 'கவுன்சிலர்' என்று ஒருவர் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு நல்ல ரிதம் சென்ஸ் இருக்கு சார். ஸ்காலர்ஷிப் போட்டுத் தரேன், ஆனா இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள கட்டணும்" என்றார். கிட்டாரும் சேர்த்து 24,000 ரூபாய், மாதம் 2,000 'நோ காஸ்ட் இஎம்ஐ'. ஓடிபி கொடுத்த பிறகுதான் குறுஞ்செய்தி வந்தது: ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் கொடுத்திருக்கிறது! அவ்வளவு நேரம் பேசியவர் 'கடன்' என்ற வார்த்தையை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. இப்படிப்பட்ட கடனில் வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது.

பணத்தைவிட எனக்கு ஆறவே ஆறாதது அவர்கள் அனுப்பிய கிட்டார்தான்.

பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் கம்பியை அழுத்தினால் விரல் நுனி சிவந்து குழி விழுந்தது. சி, ஜி கார்டுகள் (சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டும் ஸ்வரக் கூட்டு) எப்படியோ வந்தன. எஃப் கார்டு போட்டால் பாதிக் கம்பிகள் 'டொக் டொக்' என்றன. வகுப்பின் வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு, "உங்க விரல் இன்னும் பழகலை, பிராக்டிஸ் பத்தாது" என்றே பதில் வந்தது. 'லைவ்' என்று விற்றதோ பதிவு செய்த வீடியோ. அதில் ஆசிரியர் தன் கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்திருந்தார், அதைச் சொல்லவே இல்லை. ஒழுங்காக ட்யூன் செய்துவிட்டுக் கூட வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாமே அபஸ்வரமாகத்தான் கேட்கும். "எனக்குக் காதும் இல்லை, விரலும் இல்லைப்பா" என்று அவள் கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டாள்.

டவுனில் இசைக்கருவி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்டீல் கம்பி கிட்டாரில் அது இரண்டு, இரண்டரைக்குள் இருந்தால்தான் புதிதாகக் கற்பவர் சிரமமில்லாமல் அழுத்த முடியும். கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. அதை நிமிர்த்த உள்ளே இருக்க வேண்டிய இரும்புக் கம்பியே, டிரஸ் ராட் என்பார்கள், அதில் இல்லை. அவர் தன்னுடைய கிட்டாரை எடுத்து மகள் கையில் கொடுத்தார். எஃப் போட்டாள். ஆறு கம்பியும் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோளாறான கருவியைக் கொடுத்துவிட்டு, குறை உன்னிடம்தான் என்று ஒரு குழந்தையை நம்பவைத்திருக்கிறார்கள். இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை எல்லாருக்கும் உதவும். முதலில் தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ட்யூன் செய்யுங்கள். போனில் இலவச ட்யூனர் ஆப் போதும். அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். எங்களுக்கு வந்ததில் ட்யூனர் முள் அதைத் தாண்டி ஏறியே நின்றது. அப்படிப்பட்ட கிட்டாரை எவ்வளவு ட்யூன் செய்தாலும் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சேராது. கிட்டாரைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், வகுப்போடு சேர்த்து வாங்காதீர்கள்.

வீட்டிலேயே கற்க இவ்வளவு பணம் தேவையும் இல்லை. ஜஸ்டின்கிட்டார் தளத்தில் தொடக்கப் பாடங்கள் இலவசம், வரிசையாகவும் இருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் கையைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். மகள் இப்போது அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறாள், வேறு கிட்டாரில்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வகுப்பு நடத்தும் நிறுவனத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஆப் வழியாக வாங்கிய கடன் என்றால், தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமில்லாமல் திருப்பிக் கட்டி வெளியேற ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் இருக்கும், அன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். இன்றைக்குள் கட்டாவிட்டால் போச்சு என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. போன் பேச்சு, வாட்ஸப் எல்லாவற்றையும் சேமித்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் வகுப்புப் பணத்தில் ஒரு பகுதி திரும்பியது. கிட்டாருக்கான பணம் இன்னும் வரவில்லை. அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன்.