திருவனந்தபுரத்தில் பிள்ளைகளோடு ஹோட்டலுக்குள் நுழையும் முன்: சிவப்புத் தண்ணீரும் கேட்காமல் வரும் மீனும்

களியக்காவிளை தாண்டி ஒரு நாள் பயணமாகத் திருவனந்தபுரம் போகும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்கள், கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையுமாக இருந்தால், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டில்தான் மாட்டிக்கொள்கின்றன. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் பையும் போனும் கொண்டுபோக முடியாது. பிள்ளையின் பால் பாட்டிலும் பிஸ்கட்டும் பையோடு பாதுகாப்பு அறைக்குப் போய்விடும். வரிசையில் நின்று தொழுது வெளியே வரும்போது நண்பகல் நடை அடைக்கும் நேரம். கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் கிழக்கே கோட்டை ஹோட்டல்களுக்குள் இறங்கும். பிள்ளைகள் பசியில் அழும்போது பெரியவர்கள் விலை கேட்பதில்லை, தண்ணீரைப் பார்ப்பதில்லை, பில்லையும் படிப்பதில்லை. ஏமாற்று நடப்பது அந்த நேரத்தில்தான்.

முதல் ஏமாற்று மீனில். சாப்பாடு சொன்னதும் இலையோ தட்டோ வரும், பின்னாலேயே ஒருவர் அகலமான டிரேயோடு வருவார். நெய்மீன், ஆவோலி, கரிமீன், கொஞ்சு (இறால்) எல்லாம் பொரித்து அடுக்கியிருக்கும். சில இடங்களில் கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே மேசையில் ஒரு தட்டை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். மீன் சாப்பாட்டோடு வருவது குழம்பு மட்டுமே. பொரித்த மீன் ‘ஸ்பெஷல்’, தனிக் காசு. மெனுவில் அதற்கு நேரே விலை இருக்காது, ‘சைஸ் போல’ என்று இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை கையை நீட்டி ஒரு துண்டைப் பிய்த்துவிட்டால் அந்தத் தட்டு உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. ஆகவே டிரே வந்ததும் பிள்ளையின் கைக்கு எட்டும் முன்பே, “சேட்டா, இதுக்கு எத்ர ரூபா?” என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேளுங்கள். வேண்டாம் என்றால் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். “அங்கே இருக்கட்டும்” என்றால் சம்மதிக்காதீர்கள்.

பிள்ளைக்கும் ஒரு முழுச் சாப்பாடு போட்டுவிடுவது இன்னொன்று. உட்காரும்போதே “ரெண்டு சாப்பாடு மட்டும், பிள்ளை எங்கள் தட்டில் சாப்பிடும்” என்று சொல்லுங்கள். பங்கிட்டுச் சாப்பிடத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஃபேமிலி ரூம், ஏசி ஹால் என்று மாடிக்கு அனுப்பினால் அங்கே விலைப்பட்டியல் வேறு. கீழே பலகையில் பார்த்த விலை மாடியில் செல்லாது.

பணம் போனால் ஒரு நாள் வருத்தத்தோடு முடியும். தண்ணீரில் ஏமாறினால் பிள்ளை ஒரு வாரம் படுக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேரள ஹோட்டல்களில் மேசைக்கு வரும் இளஞ்சிவப்புத் தண்ணீரை நாம் எல்லோரும் நம்புகிறோம். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது, உடம்புக்கு நல்லது என்றே பழகிவிட்டோம். பதிமுகத்தின் சாயம் தண்ணீர் முழுதாகக் கொதிக்காவிட்டாலும் இறங்கும். அதனால் நிறத்தை வைத்துத் தண்ணீர் கொதித்தது என்று சொல்லவே முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் கூட்ட நேரத்தில் வருகிறது. அண்டாவில் கொதித்த தண்ணீர் உடனே குடிக்க முடியாத சூட்டில் இருக்கும். ஆற நேரம் கிடையாது. ஆகவே பாதி கொதித்த தண்ணீர், பாதி குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர் என்று ஜக்கில் கலந்து இளஞ்சூடாகக் கொண்டுவருவார்கள். மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள் அந்தப் பாதியில் இருந்தால் அவற்றைக் கொல்ல அந்த இளஞ்சூடு போதாது. கொதிக்கவைத்ததன் பலன் முழுதும் போய்விடும்.

கூட்டமான மதியத்தில், கையில் வாங்கியதும் குடிக்கும் சூட்டில் தண்ணீர் வந்தால், கலந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “திளப்பிச்ச வெள்ளமா, பச்சவெள்ளம் சேர்த்ததா?” (கொதிக்கவைத்த தண்ணீரா, பச்சைத் தண்ணீர் கலந்ததா) என்று நேராகக் கேட்டால் பெரும்பாலான பணியாளர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எந்தத் தண்ணீரும் தேவையில்லை, வெயில் எவ்வளவு கொளுத்தினாலும். ஒரு பாலாடைச் சங்கு அளவுகூட வேண்டாம்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஜக்குத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. தண்ணீரில் மட்டுமல்ல, பவுடரிலும் கிருமி இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள தண்ணீரில் கலக்கச் சொல்கிறார்கள். கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வீட்டிலிருந்தே நல்ல ஸ்டீல் பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க அரை லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். மதியத்துக்குள் சூடு இறங்கியிருந்தால் டீக்கடை பாய்லரைத் தேடுங்கள், ஹோட்டல் ஜக்கை நாட வேண்டாம். ஆவி தள்ளி, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது குழாயிலிருந்து நேராக உங்கள் பிளாஸ்க்கில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் பச்சைத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் மறுபடி கொதிக்கும்வரை நில்லுங்கள்.

பவுடரை ஒரு வேளைக்கு ஒரு சிறு டப்பா என்று வீட்டிலேயே அளந்து வையுங்கள். பல டப்பாக்களில் 30 மில்லிக்குத் தலை தட்டிய ஒரு கரண்டி என்றிருக்கும். உங்கள் டப்பாவில் உள்ளதையே பின்பற்றுங்கள். பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மூடிக் குலுக்கி, குளிர்ந்த தண்ணீருள்ள பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். கலந்து வாய் வைக்காத பாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பாட்டிலைக் கழுவித் தருகிறேன் என்று பணியாளர் அன்போடு வாங்கிக்கொண்டு போவார். கொடுக்காதீர்கள். அடுக்களைக் குழாயில் அலம்பிய பாட்டில் மறுபடி கொதிக்கவைத்தால்தான் ஆகும். இரண்டு பாட்டில் கூடுதலாகக் கொண்டுபோவதே வழி.

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வாங்குவது? நம் வீட்டிலும் சம்பா அரிசிதான். ஆனால் பிள்ளைக்குக் குழைய வேகவைப்போம். ஹோட்டலில் போடும், ‘மட்ட’ என்ற கேரளத்துச் சிவப்பரிசிச் சோறு பருக்கை பருக்கையாக நிற்கும், பிள்ளை மெல்லாமல் விழுங்கும். வெள்ளைச் சோறு கேட்டு, முதலில் விளம்பும் பருப்பையும் நெய்யையும் விட்டுப் பிசைந்து கொடுங்கள். சாம்பார் ஊற்றும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது, எரிவு பிரச்சினை வராது. இடியப்பம், ஆவி பறக்கும் இட்லி, அவித்த ஏத்தன் (நேந்திரம்) பழம் எல்லாம் நல்லவை. புட்டு உதிர்ந்து தொண்டையில் அடைக்கும். பழத்தோடு பிசைந்து ஈரமாக்கினால்தான் கொடுக்கலாம். கூட வரும் கொண்டைக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நசுக்கிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்ததாக இருக்கும், மதியம் வேண்டாம். ஐஸ் போட்ட ஜூஸும் குலுக்கி சர்பத்தும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மாலையில் மந்தி, அல்ஃபாம் என்று அரபு வகைச் சோறும் சுட்ட கோழியும் விற்கும் கடைகளில் வெள்ளை மயோனைஸ் கிண்ணம் தானாக வரும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. எதில் செய்தது என்று தெரியாத கிண்ணத்தைப் பிள்ளை பக்கத்தில் வைக்காதீர்கள். அதே மாதம் பார்சல் பொட்டலங்களில் சமைத்த நேரமும் சாப்பிட வேண்டிய நேரமும் ஒட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. திரும்பும் ரயிலுக்குப் பொட்டலம் வாங்கினால் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லை மேசையிலேயே வாங்கிப் படித்துவிட்டு, பிறகு போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஏசி என்பதால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் அது தவறு. 2017 நவம்பரிலிருந்து ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான், நாள் வாடகை 7500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய ஹோட்டல்களுக்குள் இருப்பவை தவிர. வரி போட்டிருந்தால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். கேரளத்து எண் 32 என்று தொடங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அதோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வீடு வந்து பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு ஆனால் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்குங்கள். பாதியைத் தம்ளரில் கலந்து கொடுப்பது ஆபத்து. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. கண் குழிந்தாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் காத்திருக்காதீர்கள். அங்கே இருந்தால் எஸ்ஏடி மருத்துவமனை, இங்கே வந்துவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அந்த மருந்துச் சீட்டையும் ஹோட்டல் பில்லையும் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் அழைத்துப் புகார் பதியலாம். வழக்குப் போட மறுபடி திருவனந்தபுரம் போக வேண்டுமே என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.