ஓசூர் ரோட்டில் வீடு: மெட்ரோ பக்கமா, பஸ் ஸ்டாப் பக்கமா?

பெங்களூரு ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா பக்கம் வீடு தேடினால், "மெட்ரோ அஞ்சு நிமிஷம்தான் சார்" என்பார் புரோக்கர். அது பைக் கணக்கு. நடந்து போனால் நிமிடத்துக்கு 75 மீட்டர். 800 மீட்டருக்குப் பதினொரு நிமிடம் பிடிக்கும். படிக்கட்டு, பை சோதனை, பிளாட்பாரம் என்று இன்னும் நாலைந்து நிமிடம் சேரும்.

மேப்பில் 300 மீட்டர் காட்டும் வீடு ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்தால் கதையே வேறு. உங்கள் பக்கமே ஸ்டேஷன் வாசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கடக்க வழி உள்ள இடம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அரை கிலோமீட்டர் கூடிவிடும். அப்புறம் நடைபாதை. 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்கிறது, சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ். டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திய பைக்கும் அதை விழுங்கியிருந்தால், கைக்குழந்தையோடு போகிறவர் லாரி ஓடும் ரோட்டில்தான் இறங்கி நடக்க வேண்டும்.

இந்தப் பக்கம் ஓடும் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் (19.15 கி.மீ., 16 நிலையங்கள்) 2025 ஆகஸ்டில் மூன்றே ரயில்களோடு தொடங்கியது, அப்போது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி என்பதால், ஸ்டேஷன் வாசலிலேயே குடியிருந்தாலும் அப்போது பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது. ரயில் கூடக் கூட இது குறையும். ஆகவே தூரத்தோடு, இப்போது எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதையும் கேளுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் மெட்ரோவைத் தொடாது. அதன் பெரிய பலம் அதுதான். நகர மையமான மெஜஸ்டிக் போக ஆர்.வி. ரோடு ஸ்டேஷனில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும்.

356 வரிசை பஸ்ஸில் மாறாமல் கே.ஆர். மார்க்கெட் போகலாம், ஆனால் நெரிசலில் நேரம் சொல்ல முடியாது. மேம்பாலம் ஏறும் பஸ் கூட்லு கேட், பொம்மனஹள்ளி ஸ்டாப்புகளில் நிற்காது; ஏறும்முன் கேட்டுவிடுங்கள்.

செலவில் பஸ்ஸுக்கே என் ஓட்டு. 2023 ஜூன் முதல் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் டிக்கெட் இலவசம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் இன்னும் தர்மபுரி, கிருஷ்ணகிரி முகவரி இருந்தால் காசு கொடுத்தாக வேண்டும். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது.

ஹீலலிகே ரயில் நிலையத்தை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள், வண்டிகள் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கும்முன் காலை எட்டரைக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை அந்த வழியை நடந்து பாருங்கள். இரவில் விளக்கு எரியாத தெருவானால், வீட்டில் வேலைக்குப் போகும் பெண் தினமும் ஆட்டோவுக்குத்தான் பணம் அழ வேண்டியிருக்கும்.