வயாகராவா, சியாலிஸா, ஒன்றுமே வேண்டாமா?

வயது இருபத்தைந்து. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, விறைப்பில் இதுவரை குறையும் இல்லை. ஆனாலும், "அன்றைக்குச் சொதப்பிவிடக் கூடாது, எந்த மாத்திரை நல்லது?" என்று தவிக்கும் இளைஞர்கள் நிறைய. அந்தத் தவிப்பு உண்மையானது. அதனால் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

வயாகராவில் இருப்பது சில்டெனாஃபில், சியாலிஸில் இருப்பது தடாலஃபில். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். கிளர்ச்சி வரும்போது ஆணுறுப்பில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, சிஜிஎம்பி என்ற பொருள் கூடுகிறது. அதனால் தசை தளர்ந்து ரத்தம் நிறைகிறது. சிஜிஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ5 என்ற நொதியை மாத்திரை தடுத்து வைக்கிறது. ஆசையை உண்டாக்கும் சக்தி இரண்டுக்குமே கிடையாது.

வித்தியாசம் நேரத்தில்தான். நெஞ்சுவலிக்கு மருந்து தேடியபோது கிடைத்து, 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில், சுமார் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாமதமாக வேலை செய்யும். 2003-இல் வந்த தடாலஃபில் பாதியாகக் குறைய 17.5 மணி நேரம் பிடிக்கும். பலன் 36 மணி நேரம்வரை இருக்கும், சாப்பாடு அதற்குத் தடையில்லை. தலைவலி, முகச்சிவப்பு, மூக்கடைப்பு இரண்டிலும் உண்டு. பார்வையில் நீலம் படர்வது சில்டெனாஃபிலுக்கும், முதுகுவலி, தசைவலி தடாலஃபிலுக்கும் உரியவை.

36 மணி நேரம் என்றதும் பலருக்கும் அது லாபமாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் பயம். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மருந்தோ, பார்ட்டிகளில் முகரும் 'பாப்பர்ஸ்' எனும் அமைல் நைட்ரைட்டோ இவற்றோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டவருக்கு நைட்ரேட் தர 24 மணி நேரம் பொறுக்க வேண்டும், தடாலஃபில் என்றால் 48. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், வெட்கப்படாமல் மாத்திரை போட்டதை முதலில் சொல்லுங்கள். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டாலும் உடனே ஓட வேண்டியது அங்கேதான்.

'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்று விற்கும் கேப்ஸ்யூல்கள் இந்த இரண்டு மாத்திரைகளையும்விட மோசம். சொல்லாமல் கொள்ளாமல் இதே சில்டெனாஃபிலைக் கலந்த சரக்கு திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில் போலி ஆண்மை மாத்திரைகளில் சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்து, சர்க்கரை திடீரென இறங்கி நான்கு பேர் இறந்தார்கள்.

சரி, குறையில்லாதவருக்குப் பலனாவது உண்டா? 20 முதல் 40 வயதுள்ள ஆரோக்கியமான 60 ஆண்களிடம் செய்து 2003-இல் வெளியான ஆய்வில், சில்டெனாஃபிலால் விறைப்பு மேம்படவில்லை. அடுத்த முறைக்கான இடைவெளி மட்டும் குறைந்தது. இளைஞர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஜாலிக்காக இவற்றை அடிக்கடி எடுப்பவர்களுக்குத் தங்கள் விறைப்பின் மேல் நம்பிக்கை குறைவாக இருந்ததைக் காட்டியது. எது காரணம், எது விளைவு என்பதை அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுழல் எனக்குப் புரிகிறது: நன்றாக நடந்தால் பெருமை மாத்திரைக்கு, மாத்திரை இல்லாத நாளில் பயம் இரட்டிப்பு.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்கும். சொதப்புவது பெரும்பாலும் அதனால்தான். ஆகவே என் ஓட்டு மாத்திரை இல்லாத வழிக்கு. மதுவைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள், "கொஞ்சம் பதற்றமா இருக்கு" என்று துணையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

காலையில் எழும்போது விறைப்பு வழக்கம்போல் இருந்தால் உறுப்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. அதுவும் நின்று, வாரக்கணக்கில் சிரமம் தொடர்ந்தால், தானாக மாத்திரை வாங்கிப் போட்டு மறைக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தினுடையதைவிடக் குறுகலானவை. அதனால் அடைப்பு சில நேரம் இங்கேதான் முதலில் தெரியும்.