நெட்கான்ஃபுக்கு எந்த ஸ்கீமா: எக்ஸ்எஸ்டியா, ரிலாக்ஸ் என்ஜியா, யாங்கா?

ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றின் கான்ஃபிகரேஷனை எக்ஸ்எம்எல்லாக, அதாவது டேகுகளுக்குள் எழுதிய தரவாக, அனுப்பி வாங்கும் நெறிமுறைதான் நெட்கான்ஃப். அந்தத் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இலக்கணம்தான் ஸ்கீமா; தலைப்பில் உள்ள மூன்றும் அதை எழுதும் மொழிகள். 2006 டிசம்பரில் அதை வரையறுக்கும் ஆர்எஃப்சி 4741 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆவண வரிசை) வந்தபோது, செய்திகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை எக்ஸ்எஸ்டியில் எழுதிவைத்தார்கள். சாதனத்துக்குள் இருக்கும் தரவை எந்த மொழியில் வரையறுப்பது என்பதை மட்டும் தொடவில்லை. போட்டி அங்கேதான்.

எக்ஸ்எஸ்டிக்குப் பெரிய பலம், எங்கும் கருவி கிடைப்பது. தரவைச் சுற்றிவரும் செய்தி உறைக்கு அது கச்சிதம். டேகோடு ஒட்டிவரும் மெசேஜ் ஐடி என்ற பண்பு கட்டாயம், நீளம் 4095 எழுத்தைத் தாண்டக் கூடாது என்றால் நாலே வரியில் முடிந்துவிடும். உறையைப் பிரித்து உள்ளே போனால்தான் தகராறு. ஒரு போர்ட்டின் எம்டியு (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் எம்டியு டேகைக் காலியாக வைத்து அனுப்புவோம். நெட்கான்ஃபில் அதுதான் முறை. ஆனால் எம்டியு ஓர் எண் என்று எக்ஸ்எஸ்டியில் எழுதியிருந்தால், காலி டேக் எண் ஆகாது, செல்லாது. பதிலிலும் அதே கதை: கேட்ட துண்டு மட்டும் வரும், கட்டாயம் என்று எழுதிவைத்த மற்ற உறுப்புகளைக் காணோம் என்று, ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலிடேட்டர் கத்தும். சரி, எல்லாவற்றையும் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்றால், அப்புறம் ஸ்கீமா எதற்கு? அது முழு ஆவணத்தைப் பார்த்துப் பழகிய மொழி. நெட்கான்ஃபில் பாதி நேரம் கையில் இருப்பது துண்டுதான்.

ரிலாக்ஸ் என்ஜி படிக்க இனிமையானது. அதன் சுருக்க வடிவத்தைக் கையாலேயே எழுதலாம். உறுப்புகள் எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று சொல்ல எக்ஸ்எஸ்டி 1.0 திணறும் இடத்தில், இதில் ஒரே குறி போதும். ஆனால் விதிகளுக்கு ஸ்கீமட்ரான், இயல்பு மதிப்புகளுக்கு டிஎஸ்ஆர்எல் என்று இன்னும் இரண்டு மொழிகளைத் துணைக்கு அழைக்க வேண்டும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6110, யாங்கை இந்தப் பக்கம் பெயர்ப்பது எப்படி என்று விளக்குகிறது. அதற்கு இந்த மூன்றுமே தேவைப்பட்டன.

யாங் 2010 அக்டோபரில் ஆர்எஃப்சி 6020 ஆக வந்தது. அது விவரிப்பது ஆவணத்தை அல்ல, தரவுக் கிடங்கை. இது நாம் மாற்றக்கூடிய அமைப்பு, இது சாதனம் தானாகச் சொல்லும் நிலை என்று ஒரே சொல்லில் பிரிக்கலாம். பட்டியலில் ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் சாவி உண்டு. ஈதர்நெட் என்றால் எம்டியு 1500தான் இருக்க வேண்டும் என்ற விதியை அந்த ஆர்எஃப்சியே உதாரணமாகத் தருகிறது; விதி மீறப்பட்டால் காட்ட வேண்டிய பிழைச் செய்தியையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம். நிபந்தனைகள் எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எம்எல்லுக்குள் இடத்தைச் சுட்டும் மொழி) இருப்பது மட்டும் எனக்கு இன்றும் தலைவலி.

என் ஓட்டு யாங்குக்குத்தான். அதற்குக் காரணம் இவை அல்ல, ஸ்கீமாவைப் பின்னாளில் திருத்தும் முறை. வெளியிட்ட மாட்யூலில், அதாவது யாங்கில் எழுதிய ஸ்கீமாவில், எண்ணின் வரம்பை விரிக்கலாம், குறுக்கக் கூடாது. பழைய உறுப்பை ஒதுக்கிவைக்கலாம், பிடுங்கி எறியக் கூடாது. மொழியின் வரையறையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டிலும் நாமேதான் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் காற்றில் பறப்பதும் அதுதான்.

அதற்காக எக்ஸ்எஸ்டி ஓய்வுபெற்றுவிடவில்லை. 2011இல் நெட்கான்ஃபைத் திருத்தி எழுதிய ஆர்எஃப்சி 6241இல் செய்தி உறைக்கு எக்ஸ்எஸ்டி, செயல்களுக்கு யாங் என்று இரண்டும் அடுத்தடுத்த பின்னிணைப்புகளாக இருக்கின்றன. யாங்குக்கு எக்ஸ்எம்எல் பண்புகளை விவரிக்கத் தெரியாது. ஃபில்டர் டேகில் வரும் இரண்டு பண்புகளுக்காக, அந்த மாட்யூலிலேயே தனியாக ஒரு நீட்சியை வரையறுத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.