இரட்டை புரொப்பேன் சிலிண்டர்: தானாக மாறும் ரெகுலேட்டரை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் நாங்கள் வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் டிராவல் டிரெய்லரின் (சக்கர வீட்டின்) முன்பக்கத்தில் இரண்டு 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் இருக்கின்றன. உள்ளே அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் மூன்றும் இந்த வாயுவில்தான் ஓடுகின்றன. நடுவில் தானாக மாறும் ரெகுலேட்டர். வெயில் காலம், பனிக் காலம் இரண்டிலும் சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் மற்றதற்கு மாறும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. மாறிவிட்டேன் என்று நம்மிடம் சொல்வதில்தான் படு கஞ்சம்.

ரெகுலேட்டரின் முகத்தில் ஒரு சிறு லீவர் உண்டு. அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தச் சிலிண்டரிலிருந்து முதலில் வாயு போகும். மேலே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். வாயு இருக்கும்வரை அதில் பச்சை. அந்தச் சிலிண்டர் தீர்ந்ததும் சிவப்பு. இரண்டு வால்வுகளும் திறந்திருந்தால் சிவப்பு விழுந்த பிறகும் அடுப்பு அணையாது, ஃபிரிட்ஜ் நிற்காது. லீவரை மறுபக்கம் திருப்பினால் மீண்டும் பச்சை வரும். பிறகு காலியான சிலிண்டரின் வால்வை மூடிக் கழற்றி நிரப்பக் கொண்டுபோகலாம். அந்த நேரத்திலும் உள்ளே சமையல் நடக்கும். இந்த வசதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் சிலிண்டர்களுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. மழையில் குனிந்து மூடியைத் தூக்கி அந்தக் குமிழைப் பார்ப்பவர் யார்? முதல் சிலிண்டர் ஓசைப்படாமல் தீர்கிறது, இரண்டாவதும் ஓசைப்படாமல் தீர்கிறது, குளிரில் ஹீட்டர் நின்ற பிறகுதான் செய்தி வருகிறது. அதனால்தான் இப்படிச் சக்கர வீட்டில் (ஆர்.வி.) ஊர் சுற்றிப் பழகியவர்கள் பலர் இரண்டாவது வால்வை மூடியே வைத்திருக்கிறார்கள். அடுப்பு அணைந்தால் ஒன்று காலி. வெளியே போய் மற்றதைத் திறந்துகொள்ளலாம். தானாக மாறும் கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கையால் மாற்றுவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனாலும் கோடையில் நானும் கையால்தான் மாற்றுகிறேன்.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா இதற்கு இன்னொரு வழி வைத்திருந்தார். வீட்டில் சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பதுபோல, டிரெய்லர் ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாளை ஒட்டி, "இடது பக்கம் திறந்தது" என்று தேதி போட்டார். அந்தத் தாள் இன்றும் தொடர்கிறது. சிலிண்டரில் ஒட்டி மிச்சம் பார்க்கக் கடையில் விற்கும் காந்த அளவுமானியைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பனிக் காலக் கணக்கு வேறு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் உள்ள மேத்தர் முகாமில் மின் இணைப்பு கிடையாது. உயரம் ஏறக்குறைய 7,000 அடி. இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். 20 பவுண்டு சிலிண்டரில் பிடிப்பது சுமார் 4.7 காலன். மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) ஹீட்டர் விடாமல் எரிந்தால் ஒரு காலன் மூன்று மணி நேரம்தான். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் அதே சிலிண்டர் பத்து நாளுக்கு மேல் தாங்கும். தின்னி யார் என்பது தெரிந்துவிட்டது அல்லவா? அங்கே இரண்டு வால்வுகளையும் திறந்துவிடுகிறேன். நடு இரவில் குளிரில் வெளியே போய்த் திருகுவதைவிட, மாலையில் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பது எளிது.

குளிரில் அழுத்தமும் சரிகிறது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சிலிண்டருக்குள் சுமார் 110 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும்; 0 டிகிரியில் அது 24 அளவுக்கு இறங்கும். பாதி காலியான சிலிண்டரால் ஹீட்டருக்கு ஈடுகொடுக்க முடியாதபோது ரெகுலேட்டர் மற்றதிலிருந்தும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே "தொடாத" சிலிண்டரும் முழுசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திருகினால், கசிவைத் தடுப்பதற்காக இணைப்பில் வைத்திருக்கும் பாதுகாப்பு அமைப்பு எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி வாயுவை மட்டுப்படுத்திவிடும். அடுப்பில் சுடர் சோகையாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, கால் சுற்றாகத் திறந்தால் சரியாகிவிடும். சிலிண்டர் மாற்றியதும் முதலில் அடுப்பைப் பற்றவைப்பேன். குழாயில் புகுந்த காற்று அதன் வழியே போய்விடும், ஃபிரிட்ஜும் ஹீட்டரும் தகராறு செய்யாமல் பற்றிக்கொள்ளும். கழற்றி மாட்டிய இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் மூடியைப் போடுவதில்லை.

நிரப்புவதில் ஒரு சொல். காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் கடைகளில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். ஒட்டியிருக்கும் தாளிலேயே போட்டிருப்பார்கள். மீட்டர் வைத்து நிரப்பித் தரும் இடத்தில் மலிவு, நம் சிலிண்டரும் நம்மிடமே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போடுவதுதான் துல்லியம். கைப்பிடி வளையத்தில் டி.டபிள்யூ. (TW) என்று பொறித்திருப்பது காலி எடை. 20 பவுண்டு சிலிண்டரில் அது 17 பவுண்டு அளவில் இருக்கும். அதைக் கழித்தால் வாயுவின் எடை.

பாதை போடும்போதும் இந்தச் சிலிண்டர்களை நினைக்க வேண்டியிருக்கிறது. பால்டிமோரின் துறைமுகச் சுரங்கப் பாதையில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருடன் போக அனுமதி இல்லை. வால்வை மூடியிருந்தாலும் இல்லை. நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

30 பவுண்டு சிலிண்டருக்கு மாறினால் பனிக் காலத்தில் நிரப்ப ஓடுவது குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். நிரம்பிய ஒன்று 50 பவுண்டைத் தாண்டும். அதைத் தூக்கி அந்தத் தட்டில் வைக்கப்போவது நான்தான் என்பதால் இப்போதைக்கு 20 போதும்.