டீசல் வேனுக்கு ஆயில், ஃபில்டர்: ஆறு வருஷ அனுபவம்

வேன் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு, மீட்டர்ல இப்ப 1,64,000 கிலோமீட்டர். காமன் ரெயில் டீசல் (அதிக பிரஷர்ல ஒரே பொதுக் குழாய்ல இருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போற வகை), டர்போ (புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளுற விசிறி) உண்டு, சைலன்சர் லைன்ல டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர். இதுவரைக்கும் இன்ஜினைத் திறக்கல. முதல் ரெண்டு வருஷம் நான் பண்ண கூத்தை நினைச்சா திறக்காம தப்பிச்சது வண்டியோட நல்ல மனசுதான்.

அப்ப எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஆயில் கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லது, கேன் முன்னாடி ஃபுல்லி சிந்தெடிக்னு பெருசா போட்டிருந்தா இன்னும் நல்லது. பழைய வண்டிக்கு 15டபிள்யூ-40 ஊத்தியே பழக்கம், அதனால இதுக்கும் அதையே ஊத்தினேன். மேனுவல்ல 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3ன்னு (ஐரோப்பிய வண்டி கம்பெனிங்க சங்கத்தோட ஆயில் தரம்) தெளிவா இருந்துச்சு, அது குளிர் பிரதேசத்துல ஓட்டுறவங்களுக்குன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன்.

டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற நம்பர் குளிர்ல ஆயில் எப்படி ஓடுதுங்கிறது, பின்னாடி இருக்கிறது 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிறது. காலைல சாவியைத் திருப்பின உடனே ஆயில் டர்போ வரைக்கும் ஏறணும், அந்த ஷாஃப்ட் லோடுல நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், அங்க ஆயில் லேட்டா போனா கெட்டியா போயி என்ன புண்ணியம்.

ஆனா கெட்டியை விட பெரிய தப்பு சாம்பல் விஷயம். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) ரேட்டிங்ல எஸ்னு ஆரம்பிச்சா பெட்ரோல், சின்னு ஆரம்பிச்சா டீசல், அது வரைக்கும் எனக்குத் தெரியும். நான் ஊத்தினது சிஐ-4, 2002ல வந்த ரேட்டிங், டிபிஎஃப் வண்டிங்க பரவலா வர்றதுக்கு முன்னாடி. ஆயில்ல இருக்கிற கால்சியம், மெக்னீசியம், ஜிங்க் எல்லாம் எரிஞ்சா சாம்பலாகும், அது நேரா டிபிஎஃப்ல போய் உக்காரும். கரி உக்காந்தா வண்டியே ரீஜெனரேஷன் பண்ணி எரிச்சிடும், சாம்பலை எரிக்க முடியாது, கழட்டி க்ளீன் பண்ணணும், இல்ல மாத்தணும். சி3ல சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, 2016ல வந்த சிகே-4ல 1 சதவீதம், பழைய சிஐ-4ல அப்படி வரம்பே கிடையாது. அப்ப ஊத்தின மூணு தடவை ஆயிலோட சாம்பல் இன்னும் உள்ளதான் இருக்கு, அதை நினைச்சா இப்பவும் கடுப்புதான். டிபிஎஃப் இல்லாத பழைய டீசல்னா இந்தக் கவலையே வேண்டாம், 15டபிள்யூ-40 சிஐ-4 தாராளமா ஊத்தலாம், அந்த இன்ஜினுக்கு அது பொருந்தும்.

மூணாவது வருஷம் வேற ஒரு கதை. வேலை மாறினதுல தினமும் நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டம், நிறுத்தம், திரும்ப ஓட்டம்னு ஆயிடுச்சு. ஒருநாள் டிப் ஸ்டிக்கை எடுத்தா ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல நிக்குது. சந்தோஷமா இருந்துச்சு பாருங்க, நம்ம இன்ஜின் ஆயிலே குடிக்கலன்னு! மோந்து பார்த்தா டீசல் வாடை. ரீஜெனரேஷன் நடக்கும்போது எக்ஸாஸ்ட் சூடாகணும்னு என் வண்டி மாதிரி நிறைய வண்டிங்க சிலிண்டருக்குள்ளயே கூடுதலா டீசல் அடிக்கும், நாம பாதியில ஆஃப் பண்ணிட்டா அடுத்த ஸ்டார்ட்ல திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு கீழ ஆயில்ல கலந்துடும். நீர்த்துப் போன ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது, லெவல் ரொம்ப ஏறினா ஆயில் காத்து லைன்ல போயி இன்ஜின் தானா வேகம் பிடிச்சு ஆஃபே ஆகாம ஓடுற அளவுக்கும் போகலாம். ஆயில் குறைஞ்சா பயப்படுறவங்க ஏறினாலும் பயப்படணும்.

அன்னிலேருந்து மேனுவல்ல 20,000 போட்டிருந்தாலும் நான் 10,000லயே மாத்திடுறேன். கடின உபயோகத்துக்குப் பாதின்னு அதே மேனுவல்ல சின்ன எழுத்துல இருக்கு, குறுகிய ஓட்டமும் ஐட்லிங்கும்தான் கடினம், ஹைவேயில 500 கிலோமீட்டர் ஒரே மூச்சுல போறது இன்ஜினுக்கு ஓய்வு மாதிரி. அப்புறம் மாத்தி ரெண்டு நாள்ல ஆயில் கருப்பாயிடுச்சுன்னு யாரும் பதற வேண்டாம், டீசல் ஆயில் கரியை மிதக்க வெச்சு சுமக்கத்தான் செஞ்சிருக்காங்க, கருக்கலைன்னாதான் யோசிக்கணும்.

இனி ஃபில்டர். ஒரு தடவை கம்மி விலையில கிடைச்ச ஆயில் ஃபில்டர் போட்டேன், மரை சரியா உக்காந்துச்சு, வெளித்தோற்றமும் அதேதான். ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு சத்தம். ஃபில்டருக்குள்ள ரப்பர் வால்வு ஒண்ணு உண்டு, வண்டி நின்னப்புறம் ஆயில் கீழ வடியாம பிடிச்சு வைக்கும், இதுல அது சரியில்ல, ராத்திரி பூரா வடிஞ்சு காலைல காலி. கம்பெனி ஃபில்டர் மாத்தின மறுநாளே சத்தம் போச்சு. மாட்டும்போது பழைய ரப்பர் ரிங் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கான்னு கையால தடவிப் பாருங்க, அது மேலயே புது ஃபில்டரை ஏத்தினா மொத்த ஆயிலும் ரோட்டுலதான். ரிங்ல கொஞ்சம் ஆயில் தடவி, தொட்டப்புறம் முக்கால் சுத்து கையாலயே போதும்.

ஏர் ஃபில்டர்ல நான் பண்ண தப்பு அதிக சுத்தம். மாசம் ஒரு தடவை கம்ப்ரஸர் காத்து அடிப்பேன், ஒருநாள் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஊசி ஊசியா ஓட்டை. ஓட்டை வழியா போற தூசி மணல் மாதிரி, டர்போ விசிறியையும் சிலிண்டரையும் அரைக்கும். இப்பெல்லாம் அழுக்கானா மாத்துறதுதான்.

டீசல் ஃபில்டர்ல மட்டும் சிக்கனமே பாக்க மாட்டேன். உள்ள பிரஷர் 1,600 பாருக்கு மேல, இன்ஜெக்டர் இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான், கொஞ்சம் தண்ணி போனா போதும் செலவு இழுத்துடும். அடியில இருக்கிற ட்ரெயின் திருகை அப்பப்ப திறந்து தண்ணியை விட்டுடுவேன். புது ஃபில்டரை கேன் டீசல் ஊத்தி நிரப்பி மாட்டுற பழக்கம் பழைய வண்டியோட போகட்டும், வடிகட்டாத டீசல் நேரா பம்புக்குப் போயிடும், ஹேண்ட் பம்பை அமுக்கி ஏர் எடுங்க, கை வலிக்கும், பரவாயில்ல.

பிராண்டு எதுன்னு கேட்டா, இந்த ஆறு வருஷத்துல நாலு பிராண்டு மாத்தியாச்சு. பின்பக்கம் சி3ன்னும் வண்டி கம்பெனியோட அப்ரூவல் நம்பரும் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சில இன்ஜின்ல டைமிங் பெல்ட்டே ஆயில்ல நனைஞ்சு ஓடும், அவங்க மட்டும் அந்த நம்பரை விட்டு ஒரு இன்ச் கூட நகரக் கூடாது, தப்பான ஆயில்ல பெல்ட் ஊறி உதிர ஆரம்பிக்கும். அடுத்த ஆயில் சேஞ்ச் எனக்கு இன்னும் 2,300 கிலோமீட்டர் இருக்கு, ட்ரெயின் போல்ட்டோட வாஷர் உள்பட எல்லாம் வாங்கி வெச்சாச்சு.