துணியா, தையலா, இலாஸ்டிக்கா: வியர்க்கும் உடம்புக்கு எந்த உள்ளாடை?

என் மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர். ஒரு நடைக்கு ஏழெட்டு மணி நேரம், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு வரும்போது காலை அகட்டி அகட்டித்தான் நடப்பார். தொடை இடுக்கு முழுக்க வெந்து சிவந்திருக்கும். நான் திருப்பூரில் உள்ளாடைக்குப் பேட்டர்ன் போடுகிறவன். ஊருக்கெல்லாம் ஜட்டி வெட்டிக்கொண்டு, சொந்த மாப்பிள்ளை இப்படி நடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நான்கு சாம்பிள் தைத்துக் கொடுத்தேன். அளவு, வெட்டு, நிறம், தையல், இலாஸ்டிக் எல்லாம் ஒன்றே, துணி மட்டும் வேறு. முதலாவது முழுப் பருத்தி ரிப். இரண்டாவது 95 பங்கு பருத்தி, 5 பங்கு லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த சிங்கிள் ஜெர்சிப் பின்னல். மூன்றாவது மோடால் லைக்ரா. நான்காவது விளையாட்டு உடைக்குப் போடும் பாலியெஸ்டர் லைக்ரா. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போடச் சொன்னேன். நாலு வாரம் கழித்து வந்து சொன்னார்: “மச்சா, துணி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்குதுங்க. ஆனா அறுக்கறது மட்டும் நாலுலயும் ஒரே எடத்துலதானுங்க.”

ஒரே ஆள் போட்டுப் பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளாடை என்றாலே ‘காட்டனா, இல்லையா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

முதலில் துணியைப் பார்த்துவிடலாம். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராமுக்குச் சற்று மேல் நீரைத் தனக்குள் இழுத்து வைத்திருக்கும். மரக்கூழ் போன்றவற்றிலிருந்து எடுக்கும் விஸ்கோஸும் மோடாலும் 11 முதல் 13 கிராம் வரை வைத்திருக்கும். நைலான் 4 கிராம். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இல்லை. பருத்தியும் மோடாலும் வியர்வையைக் குடிக்கின்றன. பாலியெஸ்டர் குடிப்பதில்லை, இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாகக் கடத்திவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பருத்திக் கட்சியும் பாலியெஸ்டர் கட்சியும் வாதாடுகின்றன, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கொஞ்சமாக வியர்க்கும்போது பருத்தி அருமை. தோலில் ஈரம் தங்கவிடாமல் எடுத்துக்கொள்ளும். வியர்வை நிற்காமல் ஊற்றும்போதுதான் சிக்கல். இழை நீரைக் குடித்து உப்புகிறது, பின்னலின் கண்கள் சுருங்குகின்றன, காற்று போவது குறைகிறது, துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. காய்வதற்கும் நேரமாகிறது. ஈரத் தோலில் துணி உரசும்போது, உலர்ந்த தோலைவிட இழுவை அதிகம். சிவந்து புண்ணாவது இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியென்றால் பாலியெஸ்டர்தானே நல்லது? ஓடுகிறவருக்கு, சைக்கிள் மிதிக்கிறவருக்கு, ஜிம்மில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து குளிக்கிறவருக்கு, ஆமாம். 1986-இல் டுபாண்ட் கொண்டுவந்த கூல்மேக்ஸ் இழையில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி பள்ளங்கள் வைத்தார்கள். அந்த வழியாக ஈரம் துணி முழுக்கப் பரவி, வெளிப்பக்கம் காற்றுபட்டு ஆவியாகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும் என்பதால் உடம்பும் குளிரும். ஆனால் இந்த வித்தை முழுக்கக் காற்றை நம்பியது. ரெக்சின் இருக்கையில் அழுந்தியிருக்கும் பின்பக்கத்துக்கும் இடுக்குக்கும் காற்று எங்கிருந்து வரும்? கடத்திக் கொண்டுபோன ஈரத்துக்குப் போக இடமில்லாமல் அது அங்கேயே நிற்கும். மாப்பிள்ளை நான்காவது சாம்பிளை மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிட்டார். ‘வழவழன்னு ஈரம் மேலயே நிக்குது’ என்றார்.

நாற்றமும் ஒரு காரணம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் உடற்பயிற்சி செய்தபோது போட்டிருந்த டி-ஷர்ட்களை எடுத்துப் பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நாற்றம் தெளிவாக அதிகம். நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகைக் கிருமிகள் பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தன. அக்குளிலும் அரையிலும் சுரக்கும் வியர்வையில் கொழுப்புச் சத்து இருக்கிறது, பாலியெஸ்டர் நீரை விட்டுவிடுமே தவிர எண்ணெய்ப் பசையை விடாது.

மோடாலைப் பற்றி நான் மனம் மாறியவன். பீச் (beech) மரத்தின் கூழிலிருந்து எடுக்கும் இழை இது. ஆரம்பத்தில் ‘விலை ஏற்றிவிற்க ஒரு பெயர்’ என்று நினைத்திருந்தேன். தொடர்ந்து துவைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. பருத்தி நாலு மாதத்தில் சொரசொரப்பாகிறது, நம் ஊர் உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். மோடால் வழவழப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. உரசலைக் குறைப்பதில் அதற்குக் கூடுதல் மதிப்பெண். நனைந்தால் பருத்தி இழை வலுவாகும், மோடால் இழை வலுவிழக்கும். ஆகவே கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் மோடால் சீக்கிரம் நைந்துபோகும். விலையும் அதிகம். பாதிப் பருத்தி, பாதி மோடால் கலந்த நூலில் பின்னி எடுத்தால் இரண்டு குறையும் ஓரளவு சமன்படும்.

மூங்கில் துணி என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பெரும்பாலானது விஸ்கோஸ்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக்கும்போது, மூங்கிலுக்கு இருந்த கிருமி எதிர்ப்பு மிஞ்சுவதாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை. அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009-லேயே இப்படிப் பெயர்போட்டு விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற பெரிய கடை நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. விஸ்கோஸ் மெத்தென்று இருக்கும், அதற்காக வாங்குங்கள். ‘கிருமி வராது’ என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஆக, உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு மோடால் கலப்பு முதலிடம், மெல்லிய கோம்ப்டு (குட்டை இழைகளைச் சீவி எடுத்த) பருத்தி அடுத்து. மெல்லிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘கெட்டித் துணி நல்ல துணி’ என்று கடையில் தடவிப் பார்த்து வாங்குகிறோம். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி 140 ஜி.எஸ்.எம். துணியைவிட அதிக வியர்வையைப் பிடித்துக்கொண்டு அதிக நேரம் ஈரமாகவே இருக்கும். நம் வெயிலுக்கு அந்தக் கெட்டி வேண்டாம்.

இனி மாப்பிள்ளை விரல் வைத்துக் காட்டிய இடம்.

நான்கு சாம்பிளிலும் தொடை உள்பக்கத்தை ஓவர்லாக்கில் இணைத்திருந்தோம். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து நூலால் சுற்றிக் கட்டும் தையல் அது. மலிவு, வேகம், பவர் டேபிள் என்று நாங்கள் சொல்லும் எல்லா தையல் யூனிட்டிலும் மெஷின் இருக்கும். ஆனால் உள்பக்கம் ஒரு வரப்பு எழும்பி நிற்கும். முன், பின், இரண்டு கால் என்று நாலு தையலும் சந்திக்கும் இடத்தில் அந்த வரப்பு குட்டி முடிச்சாகிவிடும். உடம்பில் அதிகம் வியர்க்கிற, அதிகம் உரசுகிற இடத்தில் கொண்டுபோய் அந்த முடிச்சை வைத்திருக்கிறோம். இத்தனை வருடம் நானும் அப்படித்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, நாலு ஊசி ஆறு நூல் போட்டு, விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று தட்டையாகப் படியவைத்து இணைக்கும் தையல். நம் ஊரில் ‘பேட்லாக்’ என்று சொல்லும் மெஷின் பெரும்பாலும் விளிம்பு மடிக்கவும் இலாஸ்டிக் வைக்கவும் பயன்படுவது. நான் சொல்லும் மெஷின் வேறு, விலை கூடியது, அதில் பழகிய டெய்லர் கிடைப்பதும் கஷ்டம். விரலால் தடவினால் வரப்பு தெரியாது. இரண்டாவது வழிக்கு மெஷின் வேண்டாம், பேட்டர்னை மாற்றினால் போதும். நடுவில் கஸட் என்ற தனித் துணித்துண்டு ஒன்றை வைத்து, தையலை இடுக்கிலிருந்து விலக்கித் தொடையின் முன்பக்கம் கொண்டுபோய்விடலாம். துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

அதே பருத்தி லைக்ராவில் இரண்டு வழியிலும் தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பழைய சிவப்பு குறைந்தது. தட்டைத் தையலைவிட கஸட் வைத்ததே அவருக்குப் பிடித்தது. எனக்கு அது ஆச்சரியமில்லை. தையல் எவ்வளவு தட்டையானாலும் அது நூல்தான், அந்த இடத்தில் தையலே இல்லாதது இன்னும் நல்லது. சிறு யூனிட் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினுக்குக் கடன் வாங்கும் முன் பேட்டர்னை மாற்றிப் பாருங்கள்.

இலாஸ்டிக்கில் போட்டி ஓ.இ.-க்கும் ஐ.இ.-க்கும். ஓ.இ., அதாவது வெளி இலாஸ்டிக் என்றால் பிராண்டு பெயர் நெய்த பட்டை நேராக இடுப்பில் படும். ஐ.இ., அதாவது உள் இலாஸ்டிக் என்றால் பட்டையைத் துணிக்குள் மடித்துத் தைத்திருப்பார்கள். பேண்டுக்கு மேலே பெயர் தெரியவேண்டும் என்பதற்காக ஓ.இ. ஓடுகிறது. தோலுக்கு நல்லது ஐ.இ.தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடுப்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்த வளையம் பலருக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் ஒரு காரணம், ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் இன்னொன்று. வெள்ளை உள்ளாடையைக் குளோரின் பிளீச்சில் ஊறவைக்கும்போது, அந்த ரசாயனம் மாறி ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகிவிடலாம் என்பதை 1975-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். வெளுப்புக்காகப் பிளீச் போடும் பழக்கத்தை இதற்காகவே விடலாம். இலாஸ்டிக் ஆயுளும் கூடும்.

வடிவத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வி-கட் ஜட்டியின் கால் இலாஸ்டிக் சரியாக இடுக்கு மடிப்பில் உட்காரும். புண் உள்ளவருக்கு ஆகாது. தொளதொள பாக்ஸரில் காற்று வரும், ஆனால் தொடை பருத்தவருக்குத் தொடையோடு தொடை உரசும். தொடையில் பாதி வரை வரும் டிரங்க் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கால் நீளம் குறைவாக வெட்டினால் சுருண்டு ஏறி, அதே இடத்தில் கயிறு மாதிரி நிற்கும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆண்கள் உள்ளாடைக்கு இவ்வளவு யோசிக்கும் நாம் பெண்கள் பக்கம் போதுமான அளவு யோசிக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். நைலான் பேன்டியில் கஸட்டுக்கு மட்டும் பருத்தி வைப்பது நல்ல வழக்கம், ஆனால் சில மலிவு ரகங்களில் அந்தப் பருத்தித் துண்டை வெளிப்பக்கம் வைத்து நைலானை உள்ளே விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிராவின் அடிப்பட்டைக்குக் கீழே வேர்க்குருவும் மடிப்புப் புண்ணும் வருவதற்கு, பட்டை குறுகலாக இருப்பதும் அளவு தவறுவதும் காரணம். அகலப்பட்டை, உள்பக்கம் பருத்தி என்று இருந்தால் அழுத்தம் பரவும்.

உள்பாவாடை நாடா இன்னும் பெரிய விஷயம். இடுப்பில் ஒரே இடத்தில், வருடக்கணக்காக, இறுக்கி முடிச்சுப் போட்டு, அதற்குள் வியர்வை ஊறி, தோல் கறுத்து வெடிக்கிறது. இது மிக அரிதாகப் புற்றுநோய்வரை போகலாம். வேட்டி கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி மும்பை மருத்துவர் கானோல்கர் 1945-லேயே எழுதினார். இறுக்கமான நாடா கட்டிய இடத்தில் ஆறாத புண் புற்றான இரண்டு பெண்களைப் பற்றி, வார்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாடாவா, அகலப்பட்டையா என்றால் அகலப்பட்டைதான். நாடாதான் வேண்டும் என்றால் தளர்வாக, தினம் ஒரு இடம் மாற்றிக் கட்டலாம்.

எந்தத் துணியும் படர்தாமரையைக் குணப்படுத்தாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை நிறுத்தும், பூஞ்சையை வளர்க்கும். இந்தியாவில் இப்போது பரவியிருக்கும், மருந்துக்கு அடங்காத படர்தாமரைக்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உள்ளாடையால் செய்ய முடிந்தது அந்த இடத்தை ஈரமில்லாமல், உரசாமல் வைத்திருப்பது. அதற்குத் துணியின் தரத்தைவிட, நடுப்பகலில் ஒருமுறை மாற்றுவது பெரிய உதவி. துவைத்ததை வெயிலில் விரித்துப் போடவேண்டும். பெண்களின் உள்ளாடையைக் குளியலறைக் கொடியில், வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அரைகுறையாகக் காய்ந்த துணியை மறுநாள் உடுத்தும் பெண்ணுக்கு நான் என்ன பேட்டர்ன் போட்டும் பயனில்லை.

மாப்பிள்ளைக்குக் கடைசியாக வெட்டியது: 5 சதவீதம் லைக்ரா, மீதியில் சரிபாதி பருத்தியும் மோடாலும், 150 ஜி.எஸ்.எம்., கஸட், உள் இலாஸ்டிக், பின்பக்கம் லேபிள் தைக்காமல் அச்சடித்தது, கால் நீளம் 16 செ.மீ. ஆறு தைத்தோம். இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு நடைக்குப் போகிறார், பாதிவழியில் மாற்றிக்கொள்கிறார். இப்போது மேஜைமேல் கிடப்பது அம்மாவுக்கான உள்பாவாடை. மூன்று விரல் அகலப் பட்டை, முடிச்சுக்குப் பதில் பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கொக்கி. முதல் சாம்பிளை உடுத்திப் பார்த்துவிட்டு, கொக்கி படுக்கும்போது குத்துகிறது என்றார். பட்டைக்கு உள்பக்கம் ஒரு துணி மடிப்பு வைத்து மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.